தறிக்குழியில் ஒரு ஜாடி

போன வாரம் வியாழக்கிழமை, ஒரு கண்ணாடி ஜாடி என்னைப் பார்த்துச் சீறியது.

சத்தியமாக! ஸ்ஸ்ஸ்… என்று. அது இருந்த இடம் பிள்ளையார்பாளையத்தில், நெசவுத் தறிக்கு அடியில் தோண்டிய ஒரு தறிக்குழி. குழிக்கு மேலே, என் மகளின் முகூர்த்தப் புடவை. முக்கால்வாசி நெய்து முடிந்த பட்டு. ஜாடியைக் கொண்டுபோய் அங்கே வைத்த மகராசி யார்? வேறு யார்… உங்கள் அபிமான எழுத்தாளர்தான்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் இஞ்சி சோடா பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டிலேயே சோடா போடுகிறவள். சிலிண்டர் கிடையாது, மெஷின் கிடையாது. இஞ்சியைத் தோலோடு துருவி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து ஒரு ஜாடியில் வைப்பேன். தினமும் ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை. ஐந்தாறு நாளில் மேலே நுரை கட்டும். இஞ்சித் தோலில் தூங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் எழுந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு ஸ்டார்ட்டர் என்று பெயர். தயிருக்கு உறை மோர் எப்படியோ, சோடாவுக்கு இது அப்படி. சோடா போடுகிற நாளில் இஞ்சியைக் கொதிக்கவைத்து, சர்க்கரை கலந்து ஆறவிட்டு, எலுமிச்சை பிழிந்து, ஸ்டார்ட்டரை வடிகட்டி ஊற்றி பாட்டிலில் அடைத்தால் இரண்டு நாளில் கேஸ் ஏறிவிடும். பிறகு ஃப்ரிட்ஜ். திறந்தால் ‘டப்’!

அந்த ‘டப்’புக்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஒரே ஒரு விதி. ஸ்டார்ட்டர் ஜாடியை மட்டும் இறுக்கி மூடக் கூடாது. அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிற ஜீவன். துணி போட்டு மூடலாம், மூடியை லேசாக வைக்கலாம், அவ்வளவுதான். இந்த விதியை எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன் தெரியுமா?

சரி, கதைக்கு வருவோம்.

என் மகள் காவ்யாவுக்கு நிச்சயமாகியிருக்கிறது. சம்பந்தி பெயர் தணிகாசலம். ஊர் வாலாஜா. தொழில்…? கோலி சோடா. முப்பது வருஷமாக சோடா போடுகிறவர். நிச்சயதார்த்தப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன பேசியிருக்க வேண்டும்? சாம்பாரைப் பற்றிப் பேசியிருக்கலாம். நானோ, “நான்கூட வீட்ல சோடா போடுவேன் சம்பந்தி” என்றேன்.

“மெஷின் வச்சிருக்கீங்களா?”

“இல்ல. இஞ்சியே கேஸ் விடும்.”

மனிதர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். “இஞ்சி கேஸ் வுடுமா? நாங்க தின்னா நாங்கதான் வுடுவோம் சம்பந்திம்மா!” என்று சொல்லிவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பந்தியே சிரித்தது. என் வீட்டுக்காரர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அங்கேயே சவால் விட்டேன். “அடுத்த தடவை எங்க வீட்டுக்கு வர்றப்போ குடிச்சுப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க.”

அந்த ‘அடுத்த தடவை’ சீக்கிரமே வந்தது. முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. ஆனால் பட்டு நெய்கிற ஊரில் பெண் வீடு இருக்கும்போது அவர்கள் எங்கே போய் எடுப்பது? “நீங்களே பாத்து நெய்யக் குடுங்க. தறியில இருக்கறப்போ ஒரு நல்ல நாள்ல வந்து பாத்துக்கறோம்” என்று சொல்லிவிட்டார் சம்பந்தி. நான் பிள்ளையார்பாளையத்துக் கற்பகத்திடம் கொடுத்தேன். மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர், பார்டர் முழுக்க யாளி. கற்பகம் தறியில் உட்கார்ந்தால் குறுக்கே ஓடுகிற ஊடை இழை ஒன்றுகூடத் தப்பாது. சரிகை ஓரிடத்தில்கூடத் தூக்காது.

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்குக் கணக்குப் பண்ணி ஸ்டார்ட்டரைத் தயார் செய்தேன். பொங்கியது பாருங்கள்… அவ்வளவு அழகான நுரையை இரண்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. மறுநாள் பாட்டிலில் அடைக்க வேண்டும். அன்று மாலை வாலாஜாவிலிருந்து ஃபோன்.

“இந்த ஞாயித்துக்கிழமை அஷ்டமியாம் சம்பந்திம்மா. அடுத்த ஞாயிறு வந்துடறோம்.”

அஷ்டமிக்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனால் ஈஸ்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாதே! பொங்குகிற நேரத்தில் அது பொங்கும். ஒரு வாரம் அதைத் தூங்கவைக்க வேண்டும். வழி சுலபம்தான் — ஃப்ரிட்ஜில் வைத்தால் அடங்கிக் கிடக்கும். வைத்தேன். இரண்டாம் நாள் ஃப்ரிட்ஜ் செத்துப்போனது.

“கம்ப்ரஸர் போயிட்டுக்குது மேடம். பார்ட்ஸ் வர வெள்ளிக்கிழமை ஆவும்” என்றார் மெக்கானிக்.

மே மாதம். செவிலிமேட்டில் எங்கள் வீடு புது வீடு. சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. சமையலறையில் வைத்த வெண்ணெய் ஒரு மணி நேரத்தில் எண்ணெயாகிவிடும். “ஒரு டஜன் கூல் டிரிங்ஸ் வாங்கினா முடிஞ்சுது. எதுக்கு இந்த வம்பு?” என்றார் என் வீட்டுக்காரர். பந்தியில் சிரித்த வாய் அது.

திங்கட்கிழமை புடவை பார்க்கப் பிள்ளையார்பாளையம் போனேன். கற்பகம் குழியில் காலைத் தொங்கவிட்டுத் தறியை மிதித்துக்கொண்டிருந்தாள். வெளியே அனல். “உனக்குப் புழுங்கலையா கற்பகம்?” என்று கேட்டேன்.

“மேலதான்க்கா புழுக்கம். கீழ ஏசி மாதிரி இருக்குது. கையை வுட்டுப் பாருங்க.”

விட்டுப் பார்த்தேன். மண் குழி. ஈரமும் குளிர்ச்சியுமாக, கோயில் கருவறை வாசலில் நிற்கிற மாதிரி. குழியின் மூலையில் அவளுடைய தண்ணீர் பாட்டில் சில்லென்று நின்றிருந்தது.

எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. என் மூளை வேலை செய்கிற தினங்களில்தான் எங்கள் குடும்பத்துக்கு ஆபத்து.

ஸ்கூட்டரில் வீட்டுக்குப் பறந்தேன். ஜாடியை எடுத்தேன். வியாழக்கிழமை வரை பட்டினி கிடக்கக் கூடாதே என்று, ஊருக்குப் போகிறவர்கள் மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டுப் போகிற மாதிரி, மூன்று நாள் சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டினேன். கற்பகத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“என்னாதுக்கா இது?”

இந்த இடத்தில்தான் நான் தப்பு செய்தேன். புளிக்கவைக்கிற சமாச்சாரம் என்று சொன்னால் நம் ஊரில் முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘சாராயமா?’ எங்கள் தெருவில் ஒருவர் நேராகவே கேட்டிருக்கிறார். கற்பகம் வெள்ளிக்கிழமை தோறும் தறிக்குக் கற்பூரம் காட்டுகிறவள். அவளிடம் போய் ஈஸ்ட், நுரை, கேஸ் என்று எதற்கு விளக்கிக்கொண்டிருப்பது என்று தோன்றியது.

“ஊறுகா மாதிரி ஒண்ணு. குளிர்ச்சியா இருக்கணும். வியாழக்கிழமை எடுத்துக்கறேன்” என்றேன்.

“அவ்ளோதானே? வச்சிட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்.”

போய்விட்டேன். அப்புறம் மூன்று நாள் கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற அலைச்சல். ஜாடி ஞாபகமே இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். கற்பகம் தறியில் இருந்தாள். யாளிக்குப் பின்னால் யாளியாக பார்டர் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து குழிக்குள் பார்த்தேன்.

ஜாடியின் மேல் ஒரு பாலிதீன் கவர். அதன் மேல் பட்டு நூல், பத்துச் சுற்று. அதற்குள்ளே மூடி — இறுக்கித் திருகிய மூடி, பூரி மாதிரி உப்பியிருந்தது. ஸ்ஸ்ஸ்… என்று மெல்லிய சத்தம்.

“கற்பகம்… இதை யார் மூடினது?”

“நாந்தான்க்கா. நீங்க லூசா மூடிக்கினு வந்துட்டீங்க. பட்டுக்கிட்ட ஈரத்தை எப்பவும் தொறந்து வைக்க மாட்டோம். எறும்பு வரும், ஏறிச்சினா சரிகை வரைக்கும் போவும். ஊறுகா வேற. எங்க வூட்டுக்காரரை வுட்டு நல்லா திருகச் சொல்லி, நூல் போட்டுக் கட்டிட்டேன்.” முகத்தில் பெருமை. “நேத்துலேருந்து ஏதோ சத்தம் வந்துக்கினே இருக்குது. பல்லின்னு நெனச்சேன்.”

மூன்று நாள் சர்க்கரை, மூன்று நாள் கேஸ், இறுக்கிய மூடி, கண்ணாடி ஜாடி. வெடித்தால் இஞ்சித் தண்ணீர் நேராக மேலே போகும். மேலே என்ன இருக்கிறது? மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கப்போகிற புடவை.

“கற்பகம், தறியை நிறுத்து. அசையாதே” என்றேன்.

எடுக்கலாமா? குலுக்கினால் வெடிக்கும். அங்கேயே திறக்கலாமா? திறந்தால் பீய்ச்சும். கேஸ் ஏறிய பாட்டிலைப் பற்றித் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரே ஒருவர்தான் இருந்தார்.

அவரிடமா கேட்பது? ‘இஞ்சி கேஸ் விடும்’ என்று சவால் விட்ட அதே வாயால், ‘விட்டுவிட்டது, காப்பாற்றுங்கள்’ என்று? அதுவும் அவர்கள் புடவைக்குக் கீழேயே அணுகுண்டு வைத்துவிட்டேன் என்று? ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். ஜாடி இன்னொரு தடவை சீறியது. வீடியோ கால் போட்டேன்.

நான் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். அஷ்டமி, ஃப்ரிட்ஜ், ஊறுகாய், புடவை… குழியைக் காட்டினேன். தணிகாசலம் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அது பக்கத்துல தெரியறது யாரு காலு?”

கற்பகத்தின் கால்கள். ஜாடிக்கு ஒரு முழ தூரத்தில், அசையாமல், நான் சொன்னபடியே!

“மொதல்ல அந்தம்மாவை மேல ஏறச் சொல்லுங்க!” என்று கத்தினார். “கண்ணாடி வெடிச்சா எப்படிக் கிழிக்கும்னு எனக்குத் தெரியும். இதோ பாருங்க என் கையி.” முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு நீளத் தழும்பு.

எழுதாமல் விட்டுவிடலாம்தான். எழுதிவிடுகிறேன். எனக்கு முதலில் புடவை நினைவுக்கு வந்தது. அவள் கால் நினைவுக்கு வரவே இல்லை. மூன்று நாளாக அந்த ஜாடிக்குப் பக்கத்தில் காலை வைத்துக்கொண்டு என் மகளுக்காக நெய்துகொண்டிருந்தவள் அவள். அவமானத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கற்பகம் என்ன செய்தாள்? காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள். ஆனால் இடத்தை விட்டு எழவில்லை. “இருங்க, புடவையை மூடிட்டு வந்துடறேன்” என்று கொடியில் கிடந்த ஒரு வேட்டியை எடுத்து, புடவையும் பாவு நூலும் மறைகிற மாதிரி போர்த்த ஆரம்பித்தாள்.

ஃபோனில் சம்பந்தி அலறினார். “எம்மா! புடவை போனா இன்னொண்ணு நெய்யலாம்! நீ எழுந்து வெளிய போம்மா!”

இதை யார் சொல்வது? அந்தப் புடவை யாருடையதோ, அவர். அந்த நிமிஷம் எனக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. என் பெண் நல்ல வீட்டுக்குத்தான் போகிறாள். ஜாதகம் பார்த்தோம், வேலை விசாரித்தோம், சொந்தக்காரர்களிடம் துருவித் துருவிக் கேட்டோம். அதிலெல்லாம் தெரியாதது அந்த ஒரு கத்தலில் தெரிந்தது.

கற்பகம் வேட்டியை இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் எழுந்தாள். அவளும் சொன்னபடி கேட்கிறவள் இல்லை.

அதற்கப்புறம் சம்பந்தி சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். கோணியைச் சொட்டச் சொட்ட நனைத்து, தள்ளி நின்று ஜாடி மேல் போட்டோம். கற்பகத்தின் வீட்டுக்காரர் பெருமாள் தெருமுனை ஜூஸ் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கி வந்தார். “கண்ணாடி மேல நேரா போடாதீங்க, கோணி மேல போடுங்க. சில்லு ஏற ஏற கேஸ் தண்ணிக்குள்ள அடங்கும். அரை மணி நேரம் யாரும் கிட்ட போவாதீங்க” என்றார் சம்பந்தி. அரை மணி நேரமும் ஃபோனை வைக்கவில்லை. நடுவில் அவர் மனைவி எட்டிப் பார்த்து, “சாப்ட்டீங்களா சம்பந்திம்மா?” என்று விசாரித்தார். ஜாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “ஆச்சு, நீங்க?” என்றேன்.

அரை மணி நேரம் கழித்து, சத்தம் நின்றிருந்தது. பெருமாள் முகத்துக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கோணியோடு சேர்த்து ஜாடியைத் தூக்கினார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி. பின்கட்டில் முருங்கை மரத்தடிக்குக் கொண்டுபோனார்.

“நூலை அறுங்க. கோணியை எடுக்காமலே மூடியைக் கால் சுத்து திருகுங்க. நிறுத்துங்க. சத்தம் அடங்கட்டும். இன்னும் கால் சுத்து…”

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்… எவ்வளவு நேரம்! பிள்ளையார்பாளையத்துக்கே டயர் பஞ்சரான மாதிரி. பிறகு நுரை குபுகுபுவென்று கோணியெல்லாம் வழிந்து, பெருமாளின் லுங்கியெல்லாம் வழிந்து, முருங்கை வேரில் இறங்கியது. இஞ்சி வாசனை தூக்கியடித்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. தறியில் போய்ப் பார்த்தோம். புடவையில் ஒரு சொட்டு இல்லை.

கற்பகம் ஒவ்வொரு யாளியாக விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள். “ஏன்க்கா, உயிரு இருக்கற வஸ்துன்னு சொல்லியிருந்தா நான் மூடுவனா? பட்டுப்புழு பொட்டிகூட காத்து போற மாதிரிதானே வைப்பாங்க?”

நான் சொன்னது ‘ஊறுகா’. சின்னப் பொய்தான். விளக்கம் சொல்கிற சோம்பேறித்தனத்துக்கும், நம்மைத் தப்பாக நினைப்பார்களோ என்ற பயத்துக்கும் நாம் எல்லோரும் தினமும் சொல்கிற பொய். ஆனால் கேட்டவர் அதை நம்பி, அக்கறையாக, நூல் போட்டுக் கட்டி வைக்கிறாரே… அங்கேதான் அது வெடிகுண்டாகிறது. கற்பகம் தப்பே செய்யவில்லை. ஊறுகாயை எப்படிப் பாதுகாக்க வேண்டுமோ அப்படித்தான் பாதுகாத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். “வுடுங்கக்கா” என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள்.

ஜாடியில் பாதி மிச்சம் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். சுறுக்கென்று, சுத்தமான வாசனை. செத்துப்போயிருக்குமோ என்று ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு வைத்தேன். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் நுரை! இவ்வளவு பட்ட பிறகும் பொங்குகிறது என்றால் அதன் தைரியத்தை என்னவென்று சொல்வது? அன்று மதியமே இஞ்சியைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பதினான்கு பாட்டில் அடைத்தேன். வெள்ளிக்கிழமை ஃப்ரிட்ஜுக்கும் உயிர் வந்தது. சனிக்கிழமை மாலை, கேஸ் ஏறிய பாட்டில்களை அதற்குள் அடுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். முதலில் கற்பகம் வீடு. சம்பந்தி புடவையைப் பார்ப்பதற்கு முன் குழியைக் குனிந்து பார்த்தார். “ஒண்ணும் இல்லியே?” என்றார். கற்பகம் சிரித்துவிட்டாள். பிறகுதான் புடவை. மாப்பிள்ளையின் அம்மா பார்டரை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. கற்பகத்துக்கு அது போதும், எனக்கும் போதும்.

பெருமாளையும் கற்பகத்தையும் கையோடு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். சாப்பாடு முடிந்தது. பாட்டில்களை வரிசையாக வைத்தேன். என் வீட்டுக்காரர் முகத்தில் பந்தியில் பார்த்த அதே சிரிப்பு தயாராக இருந்தது. முதல் பாட்டிலை சம்பந்தியிடமே கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு திறந்தார்.

டப்!

கண்ணைத் திறக்கவில்லை. சத்தத்தை ருசித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். நிறுத்தாமல் பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார். ஒரு நீண்ட ஏப்பம் வந்தது.

“வுடுதும்மா… இஞ்சி கேஸ் வுடுது!”

வீடே அதிர்ந்தது. கற்பகம் கைதட்டினாள். நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் அவசரமாக இரண்டாவது பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். பதினான்கு பாட்டிலும் அரை மணி நேரத்தில் காலி. சொல்லிக்கொள்கிறேன், இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

கிளம்பும்போது சம்பந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முப்பது வருஷம் சோடா போட்டவர், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார்: “அந்த ஸ்டார்ட்டர்ல எனக்கும் ஒரு கரண்டி குடுங்களேன்.”

இதைவிட எனக்கு என்ன பட்டம் வேண்டும்? மிச்சம் வைத்திருந்ததில் கொஞ்சம் ஒரு சின்ன ஜாடியில் ஊற்றிக் கொடுத்தேன். மூடி போடவில்லை. கற்பகம் ஒரு மெல்லிய துணியை வாயில் போட்டு, பட்டு நூலால் தளர்த்திக் கட்டினாள். “காத்து போவட்டும்” என்றாள். சம்பந்தி அதைக் கையில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஃபோன் செய்தார். ஸ்டார்ட்டர் பத்திரம், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லையாம். பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் வழியெல்லாம் ஜாடியையே பார்த்துக்கொண்டு வந்து, “என்னாங்க அது, நுரை கக்குது?” என்று கேட்டாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க சம்பந்தி?”

சம்பந்தி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஊறுகான்னுட்டேன் சம்பந்திம்மா.”